ஸ்மார்ட் வீடும் சுவர் சுவிட்சும்

மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னியல் மற்றும் மின்னணுவியல் துறை



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மலர்க் குழுவினர் கேட்டபோது கவிதை எழுதலாம் என்றுதான் முதலில் உட்கார்ந்தேன். நான்கு வரிக்கு மேல் நகரவில்லை. நமக்குத் தெரிந்தது வயர்தானே, அதையே எழுதிவிடுவோம் என்று துணிந்துவிட்டேன். பிழை இருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

'ஸ்மார்ட் ஹோம்' என்ற சொல்லைக் கேள்விப்படாதவர் இன்று நம்மில் யாரும் இருக்க முடியாது. இறுதியாண்டு புராஜெக்ட் என்றாலே ஒரு நீல நிற ரிலே போர்டு, ஒரு இ.எஸ்.பி. 8266, கையில் ஒரு செல்போன். பட்டனைத் தொட்டால் மேசை மேல் வைத்த பல்பு எரியும், எல்லோரும் கை தட்டுவார்கள், மார்க்கும் விழும். ஆனால் அந்த விளக்கை வீட்டில் யார் யார் கையால் அணைக்க முடியும்? போனில் 'ஆன்' என்று காட்டுகிறதே, அது உண்மையிலேயே எரிகிறதா? இந்த இரண்டு கேள்விகளை வைவாவில் என்னிடம் யாரும் கேட்டதில்லை. கேட்டவர் வேலூர் லாங் பஜாரில் இருக்கும் ஒரு மண்டி முதலாளி.

என் நைனா லாங் பஜாரில் மூட்டை தூக்குகிறார். அம்மா ஒரு ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறார். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான்தான். டிப்ளமோவில் நான் என்ன படிக்கிறேன் என்று நைனாவுக்குச் சரியாகத் தெரியாது. 'கரண்டு படிப்பு' என்று நேதாஜி மார்க்கெட் வரைக்கும் சொல்லி வைத்திருக்கிறார். அதனால்தான் முதலாளி ஒருநாள் அவரிடம், "உன் பையன் கரண்டு படிக்கறான் இல்ல, சாயங்காலம் இட்டுகினு வா" என்று சொல்லியனுப்பினார்.

முதலாளிக்குக் கீழே மண்டி, மேலே வீடு. மகன் வெளியூரில் நல்ல வேலையில் இருக்கிறார். பொங்கலுக்கு வந்தவர் வீடு முழுவதும் பழைய சுவிட்சுகளைக் கழற்றிவிட்டு, கண்ணாடி போலப் பளபளக்கும் டச் போர்டுகளை மாட்டச் செய்து, எல்லாவற்றையும் தம் போனில் இணைத்துவிட்டு ஊருக்குத் திரும்பிவிட்டார். நல்ல எண்ணத்தில்தான். "தம்பி, என் வூட்டு லைட்ட நான் போடறதுக்கு என் புள்ளைக்குப் போன் பண்ண வேண்டியதா கீதுப்பா" என்றார் முதலாளி. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் சிரிப்பு அதோடு நின்றுவிட்டது.

போர்டைப் பார்த்தேன். ஆறு பட்டனும் ஒரே மாதிரி. மேடு பள்ளம் எதுவும் இல்லை. இருட்டில் ஆறு நீலப் புள்ளிகள் மட்டும் தெரியும். எது ஃபேன், எது லைட் என்று தடவிப் பார்த்துச் சொல்ல முடியாது. இன்னொன்று, முதலாளி தொட்டால் இரண்டு தடவைக்கு ஒரு தடவை வேலை செய்யவில்லை. நான் தொட்டால் வேலை செய்தது. டச் போர்டு என்பது நம் விரலைக் கப்பாசிட்டரின் ஒரு தகடாக எடுத்துக்கொண்டு வேலை செய்வது என்று நாம் படித்திருக்கிறோம். வருஷக்கணக்காகச் சாக்கும் தராசும் பிடித்துக் காய்ந்து தடித்துப்போன விரலில் அந்தக் கப்பாசிட்டன்ஸ் சரியாக அமைவதில்லை. என் அம்மாவுக்கும் இதே கதைதான். தோலும் சொல்யூஷனும் பட்டுப்பட்டு விரல் ரேகையே தேய்ந்துவிட்டது. ரேஷன் கடை மெஷினில் நாலு விரலையும் மாற்றி மாற்றி வைப்பார். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கத்து நண்பர்கள் தங்கள் வீட்டிலேயே இதைப் பார்த்திருப்பீர்கள். மெஷின் செய்தவர் மனதில் இருந்த விரல் வேறு, நம் ஊர் விரல் வேறு.

இதெல்லாம் கூடப் பெரிதில்லை. முதலாளியின் மனைவி அடுப்படியிலிருந்து சொன்னதுதான் என்னை உட்கார வைத்தது. அந்த அம்மாள் ராத்திரி மூன்று மணிக்கு ஒருமுறை எழுந்து பாத்ரூம் போவார். விளக்கைப் போட்டதும் மகன் போனில் பதிவாகிவிடும். காலையில் போன் வரும். "ஏம்மா தூங்கல? உடம்பு சரியில்லையா? டாக்டர்கிட்ட போனீங்களா?" அக்கறைதான், யாரும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அன்றிலிருந்து அந்த அம்மாள் விளக்கே போடுவதில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு இருட்டிலேயே போய் வருகிறார். "அவன் பாவம், பயந்துக்கறான். எதுக்கு அவனுக்குத் தெரியணும்?" என்றார்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தார்கள். 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேறியது. ஆனால் ஒருவர் தம் சொந்த, வீட்டுக் காரியத்துக்காகக் கையாளும் விவரங்களை அந்தச் சட்டம் தொடுவதில்லை. அம்மாவுக்கும் மகனுக்கும் நடுவில் சட்டம் வராது, வரவும் கூடாது. அப்படியானால் பாத்ரூம் விளக்கு யாருக்குத் தெரிய வேண்டும் என்பதை முடிவு செய்வது யார்? வயர் இழுப்பவன்தான், நண்பர்களே. அதாவது நாம்.

பழைய சுவிட்ச் என்ன செய்கிறது?

நாம் மதிக்காத பொருள் சுவிட்ச். ஆனால் அதைப்போல உண்மை பேசும் கருவி குறைவு. நம் நாட்டில் கீழே தள்ளினால் ஆன், மேலே தள்ளினால் ஆஃப். இருட்டில் தடவினாலே நிலை தெரியும். தள்ளும்போது 'டக்' என்று சத்தம் வரும். உடனே விளக்கு எரியும். கை, காது, கண் மூன்றுக்கும் பதில் வந்துவிடுகிறது. 'ஃபீட்பேக்' என்று லேபில் சொல்கிறோமே, அந்தப் பின்னூட்டம் இதுதான்.

இதைவிட நல்ல பாடம் பழைய அயர்ன் பாக்ஸில் இருக்கிறது. அதில் சிறு விளக்கு ஒன்று எரியுமே, அதை எப்படி இணைத்திருந்தார்கள் தெரியுமா? நேராக 230 வோல்ட்டுக்குக் குறுக்கே அல்ல. சூடேறும் கம்பியோடு தொடராக ஒரு சிறு துண்டு மின்தடையை வைத்து, அதன் இரு முனைகளுக்கு நடுவே சில வோல்ட் மட்டும் தாங்கும் குட்டிப் பல்பை இணைத்திருந்தார்கள். கம்பியில் மின்னோட்டம் போனால்தான் அந்தப் பல்பு எரியும். கம்பி அறுந்துபோயிருந்தால், பிளக்கில் கரண்டு இருந்தாலும் எரியாது. மெயினுக்குக் குறுக்கே மாட்டிய விளக்கு 'கரண்டு வந்திருக்கிறது' என்று மட்டும் சொல்லும். தொடரில் மாட்டிய விளக்கு 'வேலை நடக்கிறது' என்று சொல்லும். என் கட்டுரை முழுவதும் இந்த ஒரு வித்தியாசத்தைப் பற்றியதுதான்.

நம் புராஜெக்டுகளில் போன் திரையில் 'ஆன்' என்று பச்சையாக வருவது எதைக் காட்டுகிறது? நாம் கட்டளை அனுப்பினோம் என்பதை மட்டும். ரிலே ஒட்டிக்கொண்டிருக்கலாம், பல்பு ஃப்யூஸ் ஆகியிருக்கலாம், கரண்டே இல்லாமல் இருக்கலாம். திரை அப்போதும் பச்சைதான். லேபில் நாம் இதைத் திறந்த சுற்றுக் கட்டுப்பாடு என்று எழுதி மார்க் வாங்கிவிட்டு, வீட்டில் அதையே மாட்டிவிட்டு வருகிறோம்.

மாடிப்படி வயரிங்தான் வழி

முதலாளி வீட்டில் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. வயரிங் பிராக்டிகலில் நாம் எல்லோரும் செய்த மாடிப்படி வயரிங்தான். கீழே ஒரு டூ-வே சுவிட்ச், மேலே ஒரு டூ-வே சுவிட்ச், நடுவில் இரண்டு வயர். எங்கிருந்து வேண்டுமானாலும் போடலாம், அணைக்கலாம்.

ரிலேயின் கால்களைப் பாருங்கள். காமன், என்.ஓ., என்.சி. என்று மூன்று. டூ-வே சுவிட்சிலும் மூன்று கால்கள். இரண்டும் ஒன்றே! ஒன்றைக் கை தள்ளுகிறது, மற்றொன்றைக் காயில் இழுக்கிறது, அவ்வளவுதான். ஆகவே மாடிப்படி வயரிங்கில் மேல் சுவிட்சுக்குப் பதிலாக ரிலேயை வைத்துவிட்டால், சுவரில் இருக்கும் சாதாரண சுவிட்சும் வேலை செய்யும், போனும் வேலை செய்யும். ஒன்று மற்றொன்றைப் பூட்டாது.

ஃபேஸ் வயரை டூ-வே சுவிட்சின் காமனுக்குக் கொடுங்கள். மற்ற இரண்டு கால்களிலிருந்து இரண்டு வயர்களை ரிலேயின் என்.ஓ., என்.சி. கால்களுக்குக் கொண்டுபோங்கள். ரிலேயின் காமனிலிருந்து விளக்குக்கு. இதில் ஒரு சிறு கவனம் வேண்டும். சுவிட்ச் கீழே இருக்கும்போது எந்த வயரில் ஃபேஸ் வருகிறதோ, அதை என்.சி.யில் மாட்டுங்கள். அப்படிச் செய்தால் உங்கள் போர்டு செத்துப்போனாலும், வை-ஃபை போனாலும், புரோகிராம் மாட்டிக்கொண்டாலும், சுவிட்ச் பழையபடி கீழே தள்ளினால் எரியும், மேலே தள்ளினால் அணையும். வீட்டில் இருப்பவர் ஒன்றும் புதிதாகக் கற்க வேண்டாம்.

ரிலே போர்டுக்கு 5 வோல்ட் சப்ளை கொடுக்க நியூட்ரல் தேவை. லாங் பஜார் மாதிரிப் பழைய கட்டடங்களில் பல சுவிட்ச் போர்டுகளுக்கு நியூட்ரல் வந்திருக்காது. ஃபேஸ் மட்டும் இறங்கி ஏறும். பிளக் பாயின்ட் உள்ள போர்டில் நியூட்ரல் நிச்சயம் இருக்கும். நான் அந்த மாதிரிப் போர்டுகளை மட்டுமே எடுத்துக்கொண்டேன். மெயினை இறக்கிவிட்டு, டெஸ்டரால் இரண்டு முறை பார்த்துவிட்டு, லைசென்ஸ் உள்ள வயர்மேன் அண்ணன் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் கை வைத்தேன். யாரும் வீம்புக்குத் தனியாகச் செய்ய வேண்டாம்.

கண்ணாடிப் போர்டுகளைக் கழற்றியாயிற்று. ஹாலிலும் திண்ணையிலும் ரிலே வைத்த டூ-வே. படுக்கையறைக்கும் பாத்ரூமுக்கும் வெறும் சுவிட்ச், எந்த ரிலேயும் கிடையாது. மகனிடம் முதலாளியே போனில் பேசினார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. நைனா அன்றைக்கு மண்டியில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

ராத்திரி இரண்டு மணி

அன்று ராத்திரியே நான் மாட்டிக்கொண்டேன். இரண்டு மணிக்குக் கரண்டு போய்ச் சிறிது நேரத்தில் வந்திருக்கிறது. வந்ததும் ஹால் விளக்கு தானாக எரிந்துவிட்டது. திருடன் வந்துவிட்டான் என்று முதலாளி தடியை எடுத்துக்கொண்டு எழுந்து, அவர் மனைவி சத்தம் போட்டு, எதிர் வீட்டுக்காரர் எல்லாம் எழுந்து... இரண்டரை மணிக்கு நைனாவின் போன் அடித்தது. நைனா இரண்டு நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் அந்த மண்டியில் வேலை செய்கிறவர். நான் தப்பு செய்தால் தலை குனிவது அவர்தான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

தப்பு எங்கே என்று காலை ஐந்து மணி வரை யோசித்தேன். சாயங்காலம் முதலாளி ஆசையாகப் போனிலேயே ஹால் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்திருக்கிறார். சுவிட்ச் கீழே, ஆன் பக்கம். ரிலே இழுத்த நிலையில், என்.ஓ. பக்கம். விளக்கு அணைந்திருந்தது. கரண்டு போனதும் காயில் விட்டுவிட்டது, ரிலே என்.சி.க்குத் திரும்பிவிட்டது. கரண்டு வந்ததும் சுவிட்சும் ரிலேயும் ஒரே வயரில்! எரியாமல் என்ன செய்யும்? போர்டு செத்தாலும் சுவிட்ச் வேலை செய்ய வேண்டும் என்று நான் பெருமையாகச் செய்த ஏற்பாடே என்னைக் குத்திவிட்டது.

அமெரிக்காவில் கரண்டு போவது அபூர்வம் என்பார்கள். நம் ஊரில் 'கரண்டு திரும்பி வந்தால் என்ன நிலையில் இருக்க வேண்டும்' என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். அதை நான் கடைசியில் கற்றேன். பிறகு புரோகிராமை மாற்றினேன். ரிலே நிலை மாறும்போதெல்லாம் அதைப் போர்டின் ஃப்ளாஷ் நினைவகத்தில் எழுதி வைத்து, கரண்டு வந்ததும் முதல் வேலையாக அதைப் படித்து ரிலேயைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும்படி செய்தேன். மாறும்போது மட்டுமே எழுத வேண்டும். ஓயாமல் எழுதினால் அந்த நினைவகத்துக்கு ஆயுள் குறையும். இன்னொரு விஷயம், போர்டு உயிர்பெறும் நொடியில் அதன் சில கால்கள் தாமாகவே துள்ளும். எந்தக் கால் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்காவிட்டால் ரிலே தானாக 'டக்' என்று அடிக்கும். இவ்வளவு செய்தும் கரண்டு வரும்போது ஹால் விளக்கு ஒரு கண் சிமிட்டும் நேரம் எரிந்து அணைகிறது. லாட்ச்சிங் ரிலே போட்டால் அதுவும் நிற்கும். ஒருமுறை தட்டினால் கரண்டு இல்லாமலே அப்படியே நிற்கும் ரிலே அது. என் கையில் இருந்த காசுக்கு அது வரவில்லை.

போன் உண்மை சொல்ல வேண்டும்

மாடிப்படி வயரிங்கில் ஒரு குறை உண்டு. சுவிட்ச் எந்தப் பக்கம் இருந்தாலும் விளக்கு எரியலாம், அணையலாம். வீட்டில் இருப்பவருக்குக் கவலையில்லை, நிமிர்ந்து பார்த்தால் தெரியும். போனுக்குக் கண் இல்லையே! ஆகவே விளக்குக்குப் போகும் வயரையே பார்த்துச் சொல்ல ஓர் ஏற்பாடு வேண்டும். நான் பிசி 817 ஆப்டோகப்ளரைப் பயன்படுத்தினேன். விளக்கு வயரிலிருந்து தலா 100 கிலோ ஓம், அரை வாட் ரெசிஸ்டர் இரண்டைத் தொடராக வைத்து அதன் எல்.இ.டி. பக்கத்துக்குக் கொடுத்து, மறு காலை நியூட்ரலுக்குக் கொடுத்தேன். ஒரு மில்லி ஆம்பியருக்குச் சற்றுக் கூடுதலாக ஓடும், போதும். அந்த எல்.இ.டி. தலைகீழ் வோல்ட்டேஜ் 6 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. அதனால் எதிர்த்திசையில் ஒரு 1என்4007 டையோடு கட்டாயம். வெளியீடு தொடர்ந்து வராது, 50 ஹெர்ட்ஸ் ஆகையால் நொடிக்கு 50 துடிப்புகளாக வரும். ஒரே ஒரு முறை பார்த்துவிட்டு 'இல்லை' என்று முடிவு செய்யக் கூடாது. 20 மில்லி விநாடிக்குக் குறையாமல் பார்த்திருந்து, ஒரு துடிப்பாவது வந்தால் 'ஆன்'. ஆப்டோகப்ளர் இல்லாமல் ரெசிஸ்டரை மட்டும் வைத்து மெயினை நேராகப் போர்டில் இணைக்கும் வீடியோக்கள் போனில் வருகின்றன. அதை நம்பிச் செய்தவர் போர்டு மட்டுமா போகும், ஆளும் போவார்.

இப்போதும் முழு உண்மை வந்துவிடவில்லை. பல்பு ஃப்யூஸ் ஆகியிருந்தால் வயரில் வோல்ட்டேஜ் இருக்கும், வெளிச்சம் இருக்காது. அயர்ன் பாக்ஸ் விளக்குப் போல மின்னோட்டத்தைப் பார்க்க வேண்டும். ஆனால் 9 வாட் எல்.இ.டி. பல்பு எடுப்பது 0.04 ஆம்பியர் சொச்சம். ஏ.சி.எஸ். 712 என்ற சென்சாரின் 5 ஆம்பியர் வகை ஓர் ஆம்பியருக்கு 185 மில்லி வோல்ட்தான் தரும். இந்தப் பல்புக்கு 7 மில்லி வோல்ட் வரும், இரைச்சலில் மறைந்துவிடும். விளக்குக்கு அது வேண்டாம். மோட்டாருக்கு வேண்டும்.

மோட்டார் விஷயத்தில் பொய்யான 'ஆன்' விலை அதிகம். கட்டளை போயிற்று என்பது ஒன்று. மோட்டாருக்கு வோல்ட்டேஜ் போயிற்று என்பது அடுத்தது. மின்னோட்டம் ஓடுகிறது என்பது அதற்கும் அடுத்தது. அப்போதும் தண்ணீர் ஏறுகிறதா என்பது பாக்கி! சம்ப் காலியாகி மோட்டார் வெறுமனே சுற்றினால் அதன் மின்னோட்டம் வழக்கத்தைவிடக் குறையும். அந்தக் குறைவைப் பிடித்தால் 'தண்ணீர் இல்லை' என்று சொல்லி நிறுத்திவிடலாம்; சீல் தேய்ந்து காயில் கருகுவதைத் தவிர்க்கலாம். ரிலே மேல் 10 ஏ என்று அச்சடித்திருக்கிறதே என்று ஒரு ஹெச்.பி. மோட்டாரை அதில் நேராக மாட்டிவிடாதீர்கள். கிளம்பும்போது மோட்டார் ஓடும்போது எடுப்பதைப் போலப் பல மடங்கு இழுக்கும். ரிலேயால் கான்டாக்டரை இயக்குங்கள். கான்டாக்டர் மோட்டாரை இயக்கட்டும்.

இந்தப் பின்னூட்ட விஷயத்தில் நம் நாட்டிலேயே ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. பூனாவைச் சேர்ந்த சந்தோஷ் ஓஸ்த்வால் என்ற பொறியாளர் விவசாயிகளுக்காக 'நானோ கணேஷ்' என்ற கருவியைச் செய்தார். வீட்டிலிருந்து செல்போனில் கூப்பிட்டுக் கிணற்று மோட்டாரைப் போடலாம், நிறுத்தலாம். 2009-ல் நோக்கியா நிறுவனம் உலக அளவில் நடத்திய போட்டியில் பரிசு பெற்றது. அதில் எனக்குப் பிடித்த அம்சம், அது கேட்டதைச் செய்வதோடு நிற்காமல், கிணற்றடியில் கரண்டு இருக்கிறதா, மோட்டார் ஓடுகிறதா என்பதைப் போனிலேயே ஒலியாகச் சொல்வது. சாதாரண பட்டன் போன் போதும், எழுதப் படிக்கத் தெரியாதவரும் காதால் கேட்டுப் புரிந்துகொள்வார். ராத்திரியில் மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில் பாம்பு, பூச்சி பார்க்காமல் வரப்பில் நடந்து போனவர்களுக்கு இதன் அருமை தெரியும். தமிழ்நாட்டில் வேளாண் பொறியியல் துறை செல்போனில் இயங்கும் பம்பு செட் கருவிகளுக்கு மானியமே கொடுத்திருக்கிறது. குடியாத்தம், அணைக்கட்டு பக்கத்திலிருந்து வரும் நண்பர்களின் வீட்டிலும் இருக்கலாம். அதைத் திறந்து பாருங்கள், எந்த வயரிலிருந்து அது பதிலை எடுக்கிறது என்று.

வீட்டு விளக்கும் வெளிநாட்டு சர்வரும்

முதலாளி வீட்டு டச் போர்டில் நான் கண்ட இன்னொரு வேடிக்கை. போனுக்கும் விளக்குக்கும் இடையே ஆறடி. ஆனால் போன் சொல்லும் செய்தி எங்கேயோ இருக்கும் கம்பெனி சர்வருக்குப் போய்த் திரும்பி வந்துதான் விளக்கை எரிக்கும். இன்டர்நெட் போனால் ஆறடி தூரத்தில் இருக்கும் ஃபேனைப் போனால் போட முடியாது.

அந்தக் கம்பெனியே போனால்? நடந்திருக்கிறது. அமெரிக்காவில் 'ரிவால்வ்' என்ற வீட்டுக் கட்டுப்பாட்டுப் பெட்டியை மக்கள் சுமார் 300 டாலர் கொடுத்து வாங்கினார்கள். அந்த நிறுவனத்தை நெஸ்ட் வாங்கியது; நெஸ்டைக் கூகுள் வாங்கியிருந்தது. 2016 மே 15-ஆம் தேதி சேவையை நிறுத்திவிட்டார்கள். நன்றாக இருந்த பெட்டி வெறும் டப்பாவாகிவிட்டது. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் என்ற கம்பெனியின் சர்வர்கள் முன்னறிவிப்பு இல்லாமல் நின்றன. 2025 அக்டோபர் 20 அன்று அமேசானின் வெர்ஜீனியா கம்ப்யூட்டர் மையத்தில் ஏற்பட்ட கோளாறால் அலெக்ஸாவும் ரிங் காலிங்பெல் கேமராக்களும் பல வீடுகளில் ஊமையாயின. நம் ஈ.பி. ஆபீசில் ஃப்யூஸ் போனால் ஆளைத் தேடிப் போய்க் கேட்கலாம். வெர்ஜீனியாவுக்கு யார் போவது?

இதற்கு மாற்று இல்லாமலில்லை. வீட்டு வை-ஃபைக்குள்ளேயே பேசிக்கொள்ளும்படி செய்யலாம். பல கம்பெனிகள் சேர்ந்து 2022 அக்டோபரில் வெளியிட்ட 'மேட்டர்' என்ற பொது விதிமுறை அந்த வழியில்தான் போகிறது. பவுலஸ் ஸ்கவுட்சன் என்பவர் 2013-ல் தொடங்கிய 'ஹோம் அசிஸ்டன்ட்' என்ற மென்பொருள் இலவசம். ஒரு சிறு ராஸ்பெரி பை கம்ப்யூட்டரில் ஓடும். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. இ.எஸ்.பி. போர்டிலேயே ஒரு சின்னப் பக்கத்தை வைத்துவிட்டேன்; வீட்டு வை-ஃபையில் இருக்கும் எந்தப் போனிலும் திறக்கும். தமிழில் நான்கே பட்டன்கள். யார் எப்போது போட்டார்கள் என்று எதையும் எழுதி வைக்காது.

கடைசியாக மீட்டர் விஷயம். சென்னை தியாகராய நகர் பகுதியில் மின்வாரியம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்மார்ட் மீட்டர்களைப் பொருத்தியது. அவை தாமே கணக்கை அலுவலகத்துக்கு அனுப்பும். நல்லதுதான். ஆனால் நம் வீட்டுச் சாதாரண எலக்ட்ரானிக் மீட்டரும் நம்மோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறது, நாம்தான் கேட்பதில்லை. அதில் சிவப்பு விளக்கு ஒன்று சிமிட்டும். பக்கத்திலேயே ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று அச்சடித்திருக்கும். 3200 என்று இருந்தால், இரண்டு சிமிட்டலுக்கு நடுவே எத்தனை நொடி என்று எண்ணி, 1125-ஐ அதால் வகுங்கள். வருவது அப்போது வீட்டில் ஓடும் வாட். பத்து நொடி என்றால் 112 வாட். இந்தக் கணக்கை அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தேன். இப்போது ஃபேன் போட்டுவிட்டு மீட்டரைப் பார்த்து எண்ணுகிறார். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது 2016-ல் வந்தது. எங்களைப் போன்ற வீட்டில் அதற்குள் அடங்குகிறதா என்பது பெரிய விஷயம்.

ஸ்மார்ட் சுவிட்ச் சும்மா இருக்கும்போதும் கரண்டு குடிக்கும் என்பதை விற்பவர் சொல்ல மாட்டார். ஒன்றுக்கு ஒரு வாட் என்றே வைத்துக்கொள்வோம். 60 நாளில் 1440 மணி நேரம். ஏறக்குறைய ஒன்றரை யூனிட். வீட்டில் பன்னிரண்டு மாட்டினால் 17 யூனிட். ஒரு விளக்கும் எரியாமலே.

வயரிங் படமும் புரோகிராமும் என் நோட்டில் இருக்கின்றன. வேண்டுவோர் லேபில் வந்து வாங்கிக்கொள்ளலாம். முதலாளி வீட்டில் ஒரு வேலை பாக்கி. மாடித் தொட்டி மோட்டாருக்கு மின்னோட்டம் பார்க்கும் பகுதியை இன்னும் மாட்டவில்லை. தொட்டி ரொம்பி வழிந்தால் கீழே மண்டியில் சாக்கு நனைகிறது. வருகிற ஞாயிறு மண்டி லீவு. "நானும் வரேன்டா, ஏணி புடிக்க ஆள் வேணும் இல்ல" என்று நைனா சொல்லியிருக்கிறார்.